திமிங்கிலம் ஏன் இடம் மாறுது?

கேள்வி: டிசம்பர்ல மிரிஸ்ஸ போய் நீலத்திமிங்கிலம் பாத்தம், ஆகஸ்ட்ல எண்டா திருகோணமலைக்குப் போகச் சொல்றாங்களே, ஏன் ஐயா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முக்கியமா சாப்பாட்டுக்காகத்தான் மகள். மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து அடிக்கேக்க மிரிஸ்ஸ இருக்கிற தெற்குக் கரையில மேல்தண்ணி தள்ளுப்பட்டு, அடியில கிடக்கிற குளிர்தண்ணி சத்தெல்லாத்தையும் தூக்கிக்கொண்டு மேல வரும், அதுல நுண்பாசி பெருகும், பிறகு அதுகள நம்பி வாழுற சின்னச் சின்ன இறால் வகை, அதைத்தான் எங்கட கடல்ல நீலத்திமிங்கிலங்கள் விழுங்குது. ஆனா அந்த மாசங்கள்ல தெற்குக் கடல் கொந்தளிக்கும், போட் போகாது, அதால காணேல்ல எண்டதுக்காக அங்க ஒண்டுமே இல்லையெண்டு நினைக்காதீங்க. திருகோணமலையில ஆழக்கடல் கரைக்குக் கிட்டவே இருக்கு, அந்த நேரம் கடலும் அமைதி, அதாலதான் ஆகஸ்ட்ல அங்க போய்ப் பாக்கச் சொல்றாங்க. எனக்குப் பெரிய கவலை, இலங்கையின்ர தென்முனையான தெய்வேந்திரமுனைக்கு வெளியால போற கப்பல் பாதை இதுகள் இரை தேடுற இடத்துக்குள்ளாலேயே போகுது, கப்பல் மோதிடுமெண்டுதான் பயம்.