சுண்டக்கறி யாருக்கு?

கேள்வி: எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பொங்கலுக்கு இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல் எல்லாம் நிறையவே வைப்போம். மறுநாள், மிஞ்சியதைச் சேர்த்துச் சுண்டக்கறி வைத்து, பழைய சோற்றோடு சாப்பிடுவது வழக்கம். மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் மட்டும் சூடாகச் சோறு வடித்து ஒரு ரசம் வைத்துவிடுவேன். சென்னையில் வளர்ந்த மருமகள் சுண்டக்கறியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறாள். போன பொங்கலுக்கு வெறும் காபியோடு எழுந்துவிட்டாள். சிக்கனத்தை இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மருமகளை விடுங்கள். போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் மட்டும் சூடாகச் சோறு என்று, அதைப் பேசுவோம்.

சுண்டக்கறி அவ்வளவு ருசி என்றால் அவர்களுக்கு ஏன் கிடையாது? நல்லதெல்லாம் முதலில் ஆம்பளைகள் தட்டுக்குப் போகிற வீடுகள்தானே நம்முடையவை? இரண்டு பேருக்காகத் தனியாக உலை வைத்து, புளி கரைத்து, ரசம் தாளிக்கிறீர்கள். அரிசி, கேஸ், கழுவ நாலு பாத்திரம். இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது? மிஞ்சியதைத் தீர்க்கிற வேலையைப் பெண்கள் வயிற்றுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் மாமியாரும் உங்களுக்கு இதைத்தான் செய்திருப்பார். நீங்கள் பேசாமல் சாப்பிட்டிருப்பீர்கள். இவள் எழுந்துவிட்டாள். அவள் முகம் சுளித்தது கறியைப் பார்த்துத்தானா?

அதற்காகக் கொட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சோற்றைக் குப்பையில் போடுகிற வீடு எனக்கு ஆகாது. ஆனால் பண்டிகைக்கு உட்கார்ந்து சாப்பிட்ட அத்தனை பேரும்தான் மிச்சத்துக்கும் பொறுப்பு.

சரி, செய்வதைப் பக்குவமாகச் செய்யுங்கள். அவியலில் தேங்காய் இருக்கிறது. ராத்திரி முழுக்க வெளியே கிடந்தால் ஊசிவிடும். ஊசியதைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அன்றைக்குச் சாப்பாடு முடிந்த கையோடு சாம்பார், அவியல், பொரியல் மூன்றையும் ஒன்றாக்கி, கொஞ்சம் புளிக்கரைசல் விட்டு, தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தயிர்ப் பச்சடியை இதில் சேர்க்காதீர்கள். மறுநாள் மண்சட்டியில் ஊற்றி, சிறு தீயில், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். தண்ணீர் வற்றி, கிழங்கு குழைந்து, கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதம் வர வேண்டும். இறக்கும்போது நல்லெண்ணெயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போடுங்கள்.

அப்புறம் முதல் தட்டை உங்கள் மகனுக்கு வையுங்கள், அடுத்தது அவன் அப்பாவுக்கு. சூடாக வேண்டும் என்று கேட்டால் அரிசி டப்பா இருக்கிற இடத்தைக் காட்டுங்கள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் மருமகள் மட்டும் எழுந்து போனால் எனக்கு எழுதுங்கள். அவளையும் திட்டுகிறேன்.