சுகயீன லீவு எழுதிக் கொடுக்குமுன்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் பிரதேச செயலகமொன்றில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் சங்கம் இரண்டு நாள் சுகயீன லீவுப் போராட்டம் அறிவித்திருக்கிறது. சேர்ந்தால் வேலை போகுமா? துறைமுக அதிகார சபையில் இருக்கும் தம்பி, "பிரச்சினை வந்தால் தொழில் நியாய சபைக்குப் போகலாம் அக்கா" என்கிறான்.

பதில்: தம்பி சொல்வது அவருக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. வேலைநீக்கத்தை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு வழி விடும் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அதிகார சபைகளுக்குப் பொருந்தும். தொழில்தருநர் அரசாங்கமே என்றால் அச்சட்டம் பொருந்தாது என்று அதன் 49ஆம் பிரிவு விலக்கிவிடுகிறது. நியாய சபைக் கதவு உங்களுக்கு இல்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சங்கம் சேரும் உரிமையைத் தருகிறது. வேலைநிறுத்தம் என்ற சொல் அதில் கிடையாது.

முதலில் வர்த்தமானியைப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டப்படி உங்கள் சேவை அத்தியாவசியமென்று பிரகடனமாகியிருந்தால், வேலைக்கு வராததே குற்றம். நீதவான் முன் நிரூபணமானால் 2 முதல் 5 வருடக் கடூழியச் சிறை, அல்லது 2,000 முதல் 5,000 ரூபா தண்டம், அல்லது இரண்டும். அடுத்தவரை வரவேண்டாமென்று தூண்டுவதும் அப்படியே. வாட்ஸ்அப் குழுவில் விரல் வைக்குமுன் யோசியுங்கள். நம்மை யார் அத்தியாவசியம் என்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள், 2021இல் கோவிட் காலத்துப் பிரகடனத்தில் பிரதேச செயலகங்களும் இருந்தன. அறிவித்தல் இரவோடிரவாக வரும். போராட்டத்தன்று காலையிலும் ஒருதரம் பாருங்கள். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலையிழந்தது இந்தச் சட்டம் கையிலிருந்த காலத்தில்தான்.

வர்த்தமானி வராவிட்டால், இரண்டு நாளுக்காகப் பதவி போவது அரிது. அந்த நாட்களின் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பொறி 'சுகயீன' என்ற சொல்லில்தான் இருக்கிறது. காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் என்று எழுதி, தெரிந்த டாக்டரிடம் மெடிக்கலும் வாங்கிக் கொடுத்தால், சங்கத்தின் பிணக்கு உங்கள் தனிப்பட்ட கோவையில் பொய்ச் சான்றிதழ்க் குற்றச்சாட்டாக ஏறும். சங்கம் பேச வரலாம், கையெழுத்து உங்களுடையது. தொழிற்சங்க நடவடிக்கை என்றே சங்கம் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவிக்கட்டும். அலுவலக முத்திரை விழுந்த பிரதியொன்றை நீங்கள் வைத்திருங்கள்.

தப்பித்தவறி தாபனக் கோவையின்படி, அதாவது அரச ஊழியர் விதித் தொகுப்பின்படி, பதவி வெறிதாக்கல் கடிதம் (நீங்களே வேலையை விட்டுவிட்டதாகக் கருதும் கடிதம்) பதிவுத் தபாலில் வந்தால், தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி, உறையையும் பத்திரப்படுத்தி, காரணம் காட்டி உடனே பதில் அனுப்புங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதமும் கேட்டு வாங்குங்கள்.