தோண்டிப் பார்க்க நாலு விதை

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளிக்குப் பின்னால் 2 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க ஆசை. எதில் தொடங்கலாம்? – ஆசிரியை, ஓமலூர்

பதில்: சிறுகீரையில் தொடங்குங்கள் டீச்சர். 25 நாளில் பிடுங்கிச் சத்துணவுக்குக் கொடுத்துவிடலாம். அந்த வயதுக்கு அவ்வளவுதான் பொறுமை. அப்புறம் ஆடிப் பட்டத்தில் கடலைக்காய் போடுங்கள்.

வாழப்பாடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் போகிறேன், நாலு வருஷமாக. முதல் நாள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று ஆரம்பித்தேன். பாதிப் பேர் கொட்டாவி. ஒருத்தன் மட்டும் கை தூக்கி, "தாத்தா, உங்க காட்டுல பாம்பு இருக்குதா?" என்றான். மொத்த வகுப்பும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றோடு பிரசங்கத்தை விட்டேன்.

கடலை போட்டதும் ஒரு தொல்லை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தோண்டிப் பார்ப்பார்கள். ஒரு சின்னப் பெண் தினமும் விதையைக் கிளறி எடுத்துப் பார்த்து மறுபடி புதைத்திருக்கிறாள். கோபத்தில் அதட்டினேன். "செத்துப் போச்சான்னு பாத்தேன் தாத்தா" என்றாள். என்ன பதில் சொல்ல? மறுவாரம் தண்ணீர் பாட்டிலை வெட்டி மண் நிரப்பி, ஓரத்தை ஒட்டி நாலு விதை ஊன்றி, கறுப்புக் காகிதம் சுற்றிக் கொடுத்தேன். காகிதத்தை விலக்கினால் வேர் தெரியும். பாத்தியில் இருப்பது பயிருக்கு, பாட்டிலில் இருப்பது பார்க்க. அதன்பிறகு பாத்தியில் ஒருத்தரும் கை வைக்கவில்லை.

ஒரு மாதத்தில் மஞ்சள் பூ வரும். "பூ மேல இருக்குது, காய் எப்படிக் கீழ போச்சு?" என்று கேட்பார்கள். வாயால் சொல்லாதீர்கள். பூவின் அடியில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். பூ அன்றைக்கே வாடும். சில நாளில் அங்கிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போகும். அதன் நுனிதான் காய். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் விழுதுக்கு நேர் கீழே கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டான், மண்ணைத் தொடக்கூடாதாம். அந்த விழுது காய்க்காமல் கருகியது. 40–45ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் (காய்க்குச் சுண்ணாம்புச்சத்து தரும் தூள்) போட்டு, செடியடியில் மண்ணைக் குவித்து அணைப்பவன் நான். ஐயா செய்தார், நானும் செய்தேன். அணைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தது அந்தக் கொட்டாங்கச்சியில்தான்.

கேள்வி: ஏற்காட்டில் ஆசிரியராக இருக்கிறேன். இங்கே கடலைக்காய் வருமா? – வாசகர், ஏற்காடு

பதில்: அந்தக் குளிரில் எதற்கு வம்பு? பீன்ஸ் போடுங்கள். ஆனால் உங்களிடம் எங்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, காப்பிச் செடி. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் பத்து நாளில் மல்லிகை வாசத்தோடு பூக்கும். இரண்டு மூன்று நாளில் கொட்டிப்போகும், அதனால் பூத்த அன்றைக்கே கூட்டிப் போங்கள். பழம் சிவக்க நவம்பர் தாண்டும். மூன்றாம் வகுப்பில் பூவைப் பார்த்தவன் நாலாம் வகுப்பில் பழம் பறிப்பான். தோட்டக்காரரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: "படிக்க அனுப்பினா மண்ணு வெட்டச் சொல்றீங்களா?" என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்ய? – தலைமையாசிரியர், ஆத்தூர் வட்டம்

பதில்: அவர்கள் கேட்பது நியாயம் சார். காலையிலிருந்து காட்டில் குனிந்தே முதுகு போனவர்கள். பிள்ளையாவது தப்பிக்கட்டும் என்றுதான் அனுப்புகிறார்கள். களைக்கொத்தைப் பிள்ளை கையில் திணித்து வேலை வாங்கினால் அது பாடம் இல்லை. விதை போட்ட அன்று போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீர் விடாமல் காயவிட்ட பள்ளியையும் பார்த்திருக்கிறேன், அது இதைவிட மோசம்.

சண்டைக்கு வந்தவரையே வகுப்புக்குக் கூப்பிடுங்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு அம்மா வந்து, குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, விதைக்குச்சி நறுக்குவதைக் காட்டினார். ஒரு சாண் நீளம், எட்டுப் பத்துக் கணு, பால் வடிய வடிய. பச்சைக் கிழங்கும் இலையும் விஷம், ஆடு தின்றாலும் போய்விடும் என்றார். அதை மட்டும் பிள்ளைகள் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அவர் மகன் பின்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "குச்சியத் தலைகீழா நட்டா என்ன ஆகும்?" அந்த அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து அறுபது வருஷ அனுபவம், ஒரு தடவைகூட நட்டுப் பார்த்ததில்லை. ஆவணியில் மூன்று குச்சி நேராக, மூன்று தலைகீழாக நட்டோம். நேராக நட்டவை முதலில் துளிர்த்தன. மற்றவை ஒரு வாரம் பிந்தித் தரையைப் பார்த்துக் கிளம்பி, வளைந்து நிமிர்ந்தன. கிழங்கு எப்படி என்று தெரிய இன்னும் நாலு மாதம் போக வேண்டும். சிறுத்துத்தான் இருக்கும் என்பது என் கட்சி. அவள் ஒரு மிட்டாய் பந்தயம் கட்டியிருக்கிறாள்.