எல்லாரும் திரும்பி வந்த ஊர்கள்

கேள்வி: முதல் உலகப் போருக்குப் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய கிராமங்கள் இங்கிலாந்தில் உண்டாமே? அதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: உண்டு. 1930-களில் எழுத்தாளர் ஆர்தர் மீ 32 ஊர்களைக் குறிப்பிட்டார். பின்னால் வந்தவர்கள் தேடித் தேடி எண்ணிக்கையை ஐம்பதுக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். லங்காஷயரின் ஆர்க்கோம் கிராமத்திலிருந்து போன 59 பேரும் திரும்பினார்கள். யார்க்‌ஷயரின் கேட்விக்கில் 30 பேர் போய் 30 பேரும் வந்தார்கள். ஆனால் ஒருவருக்கு ஒரு கை போயிருந்தது. காயமில்லாமல் வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அதை மறந்துவிட வேண்டாம்.

உறுதி செய்ய இரண்டு பட்டியல் வேண்டும்: போனவர்கள், இறந்தவர்கள். போனவர்களுக்கு 1911 மக்கள்தொகைக் கணக்கு, போருக்குப் போனவர்கள் பெயரை எழுதித் தேவாலயத்தில் வைத்த பலகை, படையில் இருப்பவர்கள் ஓட்டுப் போடுவதற்காக 1918-இல் எடுத்த வாக்காளர் பட்டியல் மூன்றையும் ஒப்பிட வேண்டும். வாக்காளர் பட்டியலில் வீட்டு முகவரியோடு படைப்பிரிவும் இருக்கும். அதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்: அதற்கு முன்பே இறந்தவர் பெயர் அதில் வராது, நாம் தேடுவதோ அவரைத்தான். படைவீரர்களின் பணி ஆவணங்களில் பெரும்பகுதி 1940-இல் லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோனதால் இந்தச் சுற்றுவழி.

இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. அது 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். போரில் பட்ட காயத்தால் 1920-இல் வீட்டில் இறந்தவர் இதில் சேரலாம். 1922-இல் இறந்தவர் சேர மாட்டார்.

பெரும்பாலான தவறு ஊர் எல்லையில்தான் நேர்கிறது. இங்கே பிறந்து, பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து படையில் சேர்ந்தவர் பெயர் அந்த ஊரின் போர் நினைவுச்சின்னத்தில் இருக்கும். அதனால் சுற்றியுள்ள ஊர்களின் சின்னங்களையும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. நம் ஊரில் சின்னமே இல்லை என்பதும் ஆதாரமல்ல. பணம் திரட்ட முடியாமலும் விட்டிருக்கலாம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரிலும் தப்பிய ஊர் உண்டா?

பதில்: சில உண்டு. க்ளாஸ்டர்ஷயரின் அப்பர் ஸ்லாட்டர் அவற்றில் ஒன்று. 1944-இல் அந்த ஊர் மேலேயே குண்டு விழுந்தும் யாரும் சாகவில்லை. பிரான்ஸில் நார்மண்டியின் தியர்வில் கிராமம் இரண்டு உலகப் போர்களில் மட்டுமல்ல, 1870-இல் பிரஷ்யாவோடு நடந்த போரிலும் யாரையும் இழக்கவில்லை என்பார்கள்.