முதல் சீடர்களின் அழைப்பு: கேள்வி பதில்

கேள்வி: முன்பின் தெரியாத இயேசு கூப்பிட்டதும் மீனவர்களான சீமோனும் அந்திரேயாவும் எப்படிக் கிளம்பினார்கள்?

சுவிசேஷம் எழுதிய மாற்கு காரணம் சொல்வதில்லை. "உடனே" என்கிறார், அவ்வளவுதான். யோவான் சுவிசேஷம் 1-ஆம் அதிகாரத்தில் அந்திரேயா முதலில் யோவான் ஸ்நானனின் சீடர்; இயேசுவைப் பார்த்தபின் சீமோனையும் கூட்டிவருகிறார். லூக்கா 5-இல் இராமுழுதும் வெறும் வலை, பிறகு இரண்டு படகும் அமிழுமளவு மீன். தயவுசெய்து இவற்றை ஒரே கதையாகத் தைக்காதீர்கள். தைத்தால் மாற்குவின் அந்தத் திடீர் அழைப்பு தொலைந்துபோகும்.

கேள்வி: மாற்குவில் வலை போடுகிறார்கள், லூக்காவில் அலசுகிறார்கள். எது சரி?

இரண்டும் மீனவர் வேலைதான். மாற்கு சொல்வது கையால் வீசும் வீச்சுவலை. லூக்கா காட்டுவது இரவுத்தொழில் முடிந்த காலை. நார்வலையை அலசிக் காயவைக்காவிட்டால் இற்றுப்போகும்.

கேள்வி: பேதுருவுக்கு, அதாவது சீமோனுக்கு, கல்யாணமாகியிருந்ததா?

ஆம். மாற்கு 1:30, மாமி காய்ச்சலாய்க் கிடந்தாள்.

கேள்வி: அடுத்து அழைக்கப்பட்ட யாக்கோபும் யோவானும் வயதான தகப்பன் செபெதேயுவைப் படகிலே விட்டுப் போனது நியாயமா ஐயா?

செபெதேயு வயதானவர் என்று எங்கும் எழுதியில்லை. தனியாகவும் விடப்படவில்லை: "கூலியாட்களோடு" என்கிறது மாற்கு 1:20. 1986-இல் வறட்சியில் கலிலேயாக் கடல் வற்றியபோது, கினோசர் அருகே சேற்றிலிருந்து ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைய படகு கிடைத்தது. நீளம் சுமார் 8 மீட்டர். அப்படிப்பட்ட படகுக்குப் பல கைகள் வேண்டும். அந்தக் கைகள் செபெதேயுவிடம் இருந்தன.

கேள்வி: சீமோனும் அந்திரேயாவும் இயேசுவுக்கு முன்பே பழக்கமா?

இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முதல் பதிலைப் படியுங்கள். அந்த மூன்றையும் தைக்காதீர்கள்.

கேள்வி: கூலியாள் இருந்தால் மகன் போனது வலிக்காதா? நாங்களும் வலைக்காரக் குடும்பம்தான்.

வலிக்கும். என் பதில் அவசரமானது, ஒப்புக்கொள்கிறேன். மத்தேயு 4:22-இல் கூலியாட்களே இல்லை. படகையும் தகப்பனையும் விட்டுப் போனார்கள் என்று மட்டும் இருக்கிறது. பழுதுபார்த்துக்கொண்டிருந்த வலைகள் பாதியில் நிற்கின்றன. தாய் பின்னால் வருகிறாள்: மகன்களுக்காக இயேசுவிடம் கேட்கிறாள், சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்த பெண்களிலும் இருக்கிறாள். செபெதேயு பேசிய ஒரு வார்த்தைகூட நமக்கில்லை. அவர் ஆசீர்வதித்து அனுப்பினார் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். சுவிசேஷத்தில் அது கிடையாது.

கேள்வி: லேவியும் மத்தேயுவும் ஒருவரா?

அது ஆயத்துறை, அதாவது வரி வசூலிக்கும் இடத்தில் நடந்த அழைப்பு. அடுத்த அமர்வில் கேளுங்கள்.