கொதித்த பாலில் சாகாத நஞ்சு: மாட்டை விற்கலாமா?

கேள்வி: ஐயா, ராசிபுரம் பக்கம் நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜெர்சி கலப்பினத்துக்குப் பின்காம்பு ஒன்றில் மடிநோய் வந்து வந்து போகிறது. போன வாரம் மகள் காதுகுத்துக்கு வீட்டுப் பாலிலேயே முதல்நாள் இரவு பால்கோவா கிண்டினோம். அப்பாதான் உருட்டித் தட்டில் அடுக்கினார். அரிவாள் பட்டு விரலில் காயம், ஆனாலும் பால் கறப்பதும் அவரேதான். மறுநாள் மதியம் சாப்பிட்டவர்களில் பதினோரு பேருக்கு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி. மிச்சமிருந்த கோவாவில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வளர்ந்ததாக அறிக்கை வந்திருக்கிறது. பாலை நன்றாகக் கொதிக்க வைத்தும் எப்படி? மருந்துக்கடைக்காரர், "உங்க மாட்டுல நஞ்சு ஜீன் இருக்கு" என்று காம்புத் துளை வழியாக மடிக்குள் ஏற்றும் விலை கூடிய மருந்து டியூப் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்த ஜீன் இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் சோதனை பார்க்கவா, மாட்டை விற்றுவிடவா?

பதில்: தம்பி, அறிக்கையை இன்னொரு முறை படியுங்கள். கோவாவில் கிருமி "வளர்ந்தது" என்றால் உயிரோடு இருந்தது என்று அர்த்தம். மணிக்கணக்கில் அடுப்பில் கிண்டிய கோவாவில் இந்தக் கிருமி பிழைக்காது. அப்படியானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் உள்ளே போயிருக்கிறது. இறக்கிய பிறகு அதைத் தொட்டது யார்? மாடு தொடவில்லை.

கிருமி கொதியில் சாகும், அது ஏற்கெனவே கக்கிவிட்ட நஞ்சு சாகாது. 2000ஆம் ஆண்டு ஜப்பானில், ஹொக்கைடோ ஆலையொன்றில் மின்சாரம் நின்று பால் சூடாகவே கிடந்தது. அதிலிருந்து எடுத்த பால்பவுடர் ஒசாகாவில் பாலாக விற்பனைக்குப் போய், 13,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். பவுடரில் கிருமி செத்திருந்தது, நஞ்சு அப்படியே இருந்தது. உங்கள் வீட்டிலும் கறந்த பால் அடுப்பேறும் முன் வெகுநேரம் கிடந்திருந்தால் அந்த வழியையும் தள்ளிவிட முடியாது. ஆனால் ராத்திரி முழுக்க வெளியே இருந்த கோவாவும் காயம்பட்ட விரலும்தான் எனக்கு முதல் சந்தேகம். மற்ற பல கிருமிகளை அடக்கும் சர்க்கரை இதை அவ்வளவாக அடக்காது.

ஜீன் விஷயத்துக்கு வருவோம். எல்லா ஸ்டஃபைலோகாக்கஸும் நஞ்சு ஜீன், அதாவது நஞ்சைத் தயாரிக்க வைக்கும் மரபணு, வைத்திருப்பதில்லை. அந்த ஜீன்கள் கிருமிக்குக் கிருமி தாவுகிற துண்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன, அதனால் ஒன்றில் இருக்கும், பக்கத்துக் கிருமியில் இருக்காது. மடியிலிருந்து எடுப்பவற்றில் 'சி' வகை நஞ்சின் ஜீனை அடிக்கடி பார்க்கிறோம். உணவு நஞ்சான சம்பவங்களில் 'ஏ' வகைதான் அதிகம் பேசப்படுகிறது, மனிதரிடமிருந்து வரும் கிருமிகளில் அது சகஜம். ஜீன் இருப்பதாலேயே நஞ்சு வந்துவிடாது. ஒரு கிராமில் சுமார் ஒரு லட்சம் கிருமியாவது பெருக வேண்டும், அதற்குச் சூடும் நேரமும் வேண்டும். பிசிஆர் பார்ப்பதென்றால் மாட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. அப்பாவின் விரல், மூக்கு, மடி, கோவா நான்கையும் ஒப்பிட வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு மனிதர் இந்தக் கிருமியை மூக்கில் சுமந்துகொண்டு திரிகிறார். அந்தப் பணத்துக்கு நீங்கள் காம்பு முக்கும் மருந்து வாங்கலாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த ஒரு காம்பிலிருந்து மற்ற மூன்று மாடுகளுக்கு இது போகாமல் இருப்பது எப்படி? இது கை வழியாகவும், மடி துடைக்கும் ஒரே துணி வழியாகவும் மாடு மாடாகப் பரவும் நோய். நான் போகும் கொட்டகையில் எல்லாம் முதலில் அந்தத் துணியைத்தான் கேட்பேன். ஆணியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எரித்துவிடுங்கள், மாட்டுக்கொரு துணி வையுங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள், அந்தக் காம்பை அதிலும் கடைசியில். முதல் பீய்ச்சலைத் தரையில் விடாமல் கறுப்புக் கிண்ணத்தில் பிடியுங்கள், பாலில் திரி (திரிந்த கட்டி) இருந்தால் தெரியும். கறந்து முடித்தவுடன் நான்கு காம்பையும் 0.5 சதவீத அயோடின் மருந்தில் முக்குங்கள், தெளிக்காதீர்கள். அப்புறம் தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள், காம்புத் துளை மூடட்டும். இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மாலையில் கறக்கும்போது செய்கிறார்கள், காலையில் சொசைட்டிக்கு நேரமாகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

டியூப் விஷயம். மடியைச் சோதிக்காமலே ஜீன் தெரிகிறது என்று சொல்கிற கடைக்காரரிடம் கன்றுக்குட்டிக்கு ஜாதகமும் கேட்டுப் பாருங்கள். பழகிய ஸ்டஃபைலோகாக்கஸ் மடிச்சதைக்குள் கட்டி கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும், பல வகைகள் பென்சிலினை உடைக்கும். இரண்டு நாள் டியூப் போட்டால் திரி நிற்கும், கிருமி நிற்காது. டியூப் எதுவும் போடுவதற்கு முன்பே, காம்பு நுனியை ஸ்பிரிட்டில் துடைத்துப் பால் மாதிரி எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எந்த மருந்து கேட்கும் என்று பாருங்கள். கறவை வற்றும் சமயத்தில் மருத்துவர் கையால் போடும் டியூபுக்குத்தான் பலன் கூட. எப்போது போட்டாலும் அட்டையில் உள்ள நாள்வரை அந்தப் பாலை யாருக்கும் குடிக்க ஊற்றாதீர்கள்.

மாட்டை இப்போதே விற்க வேண்டாம். சந்தையில் சொல்லாமல் விற்றால் இன்னொருவர் கொட்டகைக்கு நோயை ஓட்டிவிடுவதாகத்தான் ஆகும். அடுத்த ஈற்றிலும் அதே காம்பு கல்லாகவே இருந்தால் மருத்துவரைக் கேட்டு அந்தக் காம்பை வற்றவிடுங்கள். அப்பாவைக் காயம் ஆறும்வரை கறவைக்கும் சமையலுக்கும் விடாதீர்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. சீழ் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.