எல்லைச் சோதனையை எடுத்தால் புரோகிராம் வேகமாகுமா? கேள்வி பதில்

கேள்வி: ரஸ்ட் மொழியில் அர்ரேயைத் தொடும்போதெல்லாம் இண்டெக்ஸ் (எத்தனையாவது உறுப்பு என்ற எண்) எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கிறதாமே. கோடிக்கணக்கில் சுற்றும் லூப்பில் வேகம் போய்விடாதா அண்ணா?

பதில்: பெரும்பாலும் போகாது. ஒரு ஒப்பீடு, ஒரு தாவல், அவ்வளவுதான். எப்போதும் ஒரே பக்கம் போகும் தாவலை பிராசஸர் முன்கூட்டியே சரியாக ஊகித்துவிடும். இடிப்பது வேறிடத்தில்: நடுவே சோதனை இருந்தால், அந்த லூப்பை, பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் வெக்டர் கட்டளைகளாக மாற்ற சில சமயம் கம்பைலரால் முடிவதில்லை. அதற்கும் அன்சேஃப் (பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பேற்கும் கோட்) தேவையில்லை. லூப்புக்கு முன்பே வேண்டிய நீளத்துக்கு ஸ்லைஸை (அர்ரேயின் ஒரு பகுதி) வெட்டிக்கொள்ளுங்கள், அல்லது உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரில் ஓட்டுங்கள். நீளம் உறுதியாகத் தெரிந்தால் உள்ளே இருக்கும் சோதனைகளைக் கம்பைலரே தூக்கிவிடும். அசெம்பிளியைத் திறந்து பாருங்கள், பேனிக்குக்கு (எல்லை தாண்டினால் நிறுத்தும் இடம்) தாவும் வரி லூப்பில் இருக்காது.

கேள்வி: அதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. சோதனையில்லாமல் படித்தால்தான் வேகம் கூடுகிறது. செய்யலாமா?

பதில்: நிஜ டேட்டாவில், எங்கே நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலரில் அந்த லூப்தான் முதலில் நிற்கிறது என்றால் செய்யலாம். ஒரு சிறிய ஃபங்ஷனுக்குள் அடைத்து, இண்டெக்ஸ் ஏன் எல்லை தாண்டாது என்று கமெண்டில் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் தொடாதீர்கள். வெளியிலிருந்து வரும் நீளமாக இருந்தால் கட்டாயம் கூடாது. 2014இல், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை அதுதான்: எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே போனது. அங்கே விட்டுப்போனது ஒரே ஒரு ஒப்பீடு!

கேள்வி: எங்களுடையது பல லட்சம் வரி சி++. ரஸ்ட்டில் மாற்றி எழுத வழியில்லை, சார்.

பதில்: எழுத வேண்டாம். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஹார்டனிங்கை (எல்லைச் சோதனைகளைச் சேர்க்கும் வசதி) ஆன் செய்யுங்கள். கூகுள் தன் சர்வர்களில் இதைச் செய்தபோது சராசரி வேக இழப்பு 0.3 சதவீதம்தான் என்று 2024இல் சொன்னது. டெஸ்டில், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் ஓடட்டும், சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும், பரவாயில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் பாதுகாப்பான மொழியில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டில் அப்படித்தான் நினைவகப் பிழைகளால் வரும் பாதுகாப்பு ஓட்டைகளின் பங்கு 2019இல் 76 சதவீதமாக இருந்தது, 2024இல் 24க்கு இறங்கியது.

கேள்வி: பாதுகாப்பான மொழி என்றால் கோ, ஜாவா போதாதா?

பதில்: பெரும்பாலான வேலைக்குத் தாராளமாகப் போதும். பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரின் சிறு நிறுத்தத்தைக்கூடத் தாங்காத இடத்தில் மட்டும் ரஸ்ட் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: அப்படியானால் வேகத்தை எங்கே தேடுவது?

பதில்: டேட்டாவை நினைவகத்தில் அடுக்கும் விதத்தில். பிராசஸரின் அருகிலுள்ள சிறு நினைவகமான கேஷில் இல்லாமல் ராம் வரை போய் வர நூற்றுக்கும் மேற்பட்ட சைக்கிள் ஆகும், எல்லைச் சோதனைக்கு ஒன்றிரண்டு. உறுப்புகள் சிதறிக் கிடக்கும் லிங்க்ட் லிஸ்டை, அடுத்தடுத்து அடுக்கும் வெக்டராக மாற்றி அளந்துவிட்டு வாருங்கள், அப்புறம் அன்சேஃப் பற்றிப் பேசலாம்.